தொட்டியை நிரப்பிய கழுதை

சுனையடிக் காட்டில் ஒரு நரியார் தலைவராக இருந்தார். குரங்குகள், மயில்கள், முயல்கள், பன்றிகள் எல்லாம் ஊர்க்காரர்கள். ஒரு கழுதையும் இருந்தது. அந்தக் கழுதை நான்தான். இது என் புத்திசாலித்தனத்தைப் பற்றிய கதை. ஆகவே சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கள் காட்டில் ஒரு கல்தொட்டி உண்டு. மலைச் சுனையிலிருந்து ஓடை வழியாக அதற்குத் தண்ணீர் வரும். போன மழையில் ஒரு பெரிய பாறை உருண்டு வந்து ஓடையை அடைத்துக்கொண்டது. மழை நின்றதும் தொட்டி காய்ந்தது. அன்றிலிருந்து ஒரு வாய் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். ஆற்றில் ஒரு முதலை இருந்தது.

மாதத்துக்கு ஒரு குட்டியாவது அதன் வாய்க்குப் போகும். பெரியவர்கள் யாரும் அகப்படவில்லை. அதனால் எங்கள் கூட்டங்களில் இந்த விஷயம் கடைசியில்தான் பேசப்பட்டது.

பாறையை நகர்த்த யானைப் படையால்தான் முடியும். படை எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்பதை நீர்த்துறை அதிகாரி யானை நேரில் பார்த்து முடிவு செய்வார். மூன்று மனு கொடுத்தோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

நரியார் உடனே கூட்டம் போட்டார்.

"நம்ம காட்டுக்கு முதல் தடவையா ஒரு அதிகாரி வர்றார். தொட்டி காஞ்சு கிடந்தா என்ன நினைப்பார்? வந்தவருக்குத் தண்ணி குடுக்க வக்கில்லாத காடுன்னு சொல்ல மாட்டாரா?"

"மானம் போயிடும் தலைவரே," என்றேன்.

"அதனால தொட்டிய நிரப்புறோம். வரவேற்புக் குழுவுக்குத் தலைவர் நம்ம கழுதைதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் என்னை எதற்கும் தலைவராக்கியதில்லை.

பின்வரிசையில் ஒரு புள்ளிமான் நின்றிருந்தது. அதன் மூத்த குட்டியை முதலை கொண்டுபோயிருந்தது. இளைய குட்டிக்கு மூன்று மாதம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். தண்ணி இல்லன்னுதானே அவரக் கூப்பிட்டோம்? தொட்டி நிறைய தண்ணி இருந்தா அவர் எதப் பார்ப்பார்?"

நியாயமான கேள்வி. குழுத் தலைவர் என்ற முறையில் பதில் சொன்னேன்.

"உனக்கு விவரம் பத்தாதும்மா. வந்தவர்கிட்ட எடுத்த எடுப்புல மூக்கச் சிந்துவாங்களா? சும்மா இரு."

மூன்று நாள் சுமந்தேன். ஆற்றோர மருதமரக் கிளையில் தொங்கியபடி குரங்குகள் சுரைக்குடுக்கைகளில் மொண்டு கொடுத்தன. கிளை முதலைக்கு எட்டாது. நாளுக்கு ஐந்து நடை நடந்து தொட்டியில் கொண்டுவந்து ஊற்றினேன். அந்த மூன்று நாளும் மான் தன் குட்டியோடு அதே பாதையில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் முதுகில் தண்ணீர் தளும்பியது. அதில் ஒரு குடுக்கையைக் குட்டிக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அதிகாரிக்கான தண்ணீர் அல்லவா!

வெள்ளிக்கிழமை மயில்கள் ஆடின. யானை வேர்த்து விறுவிறுத்து வந்தார். தும்பிக்கையைத் தொட்டியில் விட்டார். நான்கே உறிஞ்சல். என் மூன்று நாள் உழைப்பு போன இடம் தெரியவில்லை.

"நல்ல தண்ணீர். தாராளமாக இருக்கிறதே. மனுவில் ஏதோ பாறை என்று எழுதியிருந்தீர்கள்?"

"சின்னக் கல்லுங்க ஐயா," என்றார் நரியார் பணிவாக.

"வேறு குறை உண்டா?"

"ஒரு குறையும் இல்லைங்க ஐயா!" என்று காடே சொன்னது. என் குரல்தான் உரக்கக் கேட்டது. என் தொண்டை அப்படி.

மான் முன்னால் வந்து வாயைத் திறந்தது. நான் மாலையோடு குறுக்கே போய் நின்றுகொண்டேன். யானை தனக்கு மாலை போட வந்ததாக நினைத்துத் தலையைக் குனிந்தார்.

கூட வந்த மைனா குறித்துக்கொண்டதைப் படித்துக் காட்டியது.

"சுனையடிக் காடு. தண்ணீர் தாராளம். குறை இல்லை. படை மேற்குக் காட்டுக்குச் செல்லலாம்."

குறை இல்லை என்றதும் நாங்கள் ஆரவாரம் செய்தோம். யானை போன பிறகும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

மான் மட்டும் தொட்டியை எட்டிப் பார்த்தது. அடியில் ஈரம்தான் இருந்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பாதையில் நடந்தது.

என்ன நினைத்தேனோ, நானும் பின்னாலேயே போனேன். குட்டி குனிந்து தண்ணீரில் வாய் வைத்தது. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் அசைந்து முதலை தலை தூக்கியது. எனக்கு வீரமெல்லாம் கிடையாது. பயந்துபோய் ஓடத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் பின்னங்கால்கள் தாமாக உதைத்தன. உதை முதலையின் மூக்கில் விழுந்தது. குட்டி தப்பியது. என் வாலில் பாதி போனது.

மான் ஓடிவந்து குட்டியை நக்கியது.

"இவளும் போயிருப்பா அண்ணே," என்றது.

அது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதுதான் வெட்கம் வந்தது. மேற்குப் பாதையில் யானையைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, நாங்க பொய் சொல்லிட்டோம். நீங்க குடிச்சது ஆத்துத் தண்ணி. நான் சுமந்தது."

யானை நின்று திரும்பினார்.

"படை கிளம்பிவிட்டது. மேற்குக் காட்டு வேலை முடிய மூன்று மாதம் ஆகும். புது மனு கொடு. வந்து பார்க்கிறேன்."

மூன்று மாதமும் குரங்குகள் மொண்டு கொடுக்க, குட்டிகளுக்காகச் சுமந்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் அப்போது எந்த அதிகாரியும் வரவில்லையே.

யானை மறுபடி வந்த அன்று தொட்டியில் தூசிதான் இருந்தது. நரியாருக்கு மனசு கேட்கவில்லை. புதருக்குப் பின்னால் ஒரு குடுக்கைத் தண்ணீர் ஒளித்து வைத்திருந்தார்.

"வந்தவருக்கு ஒரு வாயாவது..." என்று இழுத்தார்.

நான் அதை உதைத்துக் கொட்டினேன். இந்தத் தடவை வேண்டுமென்றே உதைத்தேன்.

"குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டார் யானை.

"இல்லைங்க ஐயா," என்றேன். நான் சுமந்ததிலேயே பாரமான சொல் அது.

பிறகு விலகி நின்றேன். மான் முன்னால் வந்து, முதலை கொண்டுபோன குட்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. மைனா எழுதிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் படை வந்து பாறையை நகர்த்தியது.

குறை தீர்க்க வந்தவரிடம் குறையை மறைத்துக் காப்பாற்றும் மானம், பிள்ளைகளின் தாகத்தைத் தீர்க்காது.