இரண்டு டிரம் தண்ணீர்

“இன்னும் குடிக்குதும்மா” என்றார் தங்கப்பழம், வண்டிக்கு அடியில் படுத்தபடியே.

உலகம்மை குனிந்து பார்த்தார். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

“யாரு?”

“வண்டிதான். டீசலைத் தண்ணி மாதிரி குடிக்குது.”

“தண்ணியையே நாம அளந்துதானே குடிக்கோம்.”

தங்கப்பழம் நகர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ். அறுபதைத் தாண்டியவர். பாதி ஆயுள் லாரியில் போனது. மிச்சத்தை இந்த மலையடிவாரத்து மடத்தில், அதை நடத்தும், தன்னைவிட இருபது வயது இளையவரான உலகம்மையிடம் ஒப்படைத்திருந்தார். மடத்தின் பிக்கப் வண்டி அவர் பொறுப்பு.

உலகம்மைக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

மழை பொய்த்து இரண்டாவது வருடம். மலையில் மூன்று ஊர்கள். கீழ்ப்பட்டி, நடுப்பாறை, எல்லாவற்றுக்கும் மேலே உச்சிக்காடு. பிக்கப்பின் முதுகில் ஒரு டேங்க். மடத்துக் கிணற்றிலிருந்து தினமும் காலையில் தண்ணீர் மலையேறும்.

டீசல், டவுனில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஒருவரின் தர்மம். மாதம் ஒருமுறை வரும். அதே அளவுதான். கூடக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது.

அது தீரும்போது முதலில் விடுபடுவது உச்சிக்காடு.

தங்கப்பழம் தோல் சீவிய ஒரு குச்சியை டீசல் டேங்கின் வாய்க்குள் விட்டு எடுத்தார். டீசல் காட்டும் முள்ளை அவர் நம்புவதில்லை. குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

“மாசம் முடிய இன்னும் ஒரு வாரம் கெடக்கு. நேத்தே நடுப்பாறையோட திரும்பிட்டேன். மேல அந்தப் பிள்ளை மாடத்தி நிறைமாசமா இருக்கா. அவ மாமியார் போன மாசம் பாறை ஊத்துல தண்ணி எடுக்கப் போயி, வழுக்கி, இடுப்பு ஒடிஞ்சு கெடக்காங்க. இப்ப இவ போவா.”

“ம்.”

“ஒரு வழி சொல்லுங்கம்மா. இருக்கிற டீசல்ல வண்டி இன்னும் கொஞ்சம் ஓடணும்.”

“நீங்க என்னெல்லாம் செஞ்சீங்க?”

“செய்யாதது என்ன இருக்கு. பில்டரைக் கழுவிட்டேன். டயர்ல காத்து தினம் பாக்கேன். ஸ்டெப்னியை இறக்கி வெச்சுட்டேன்.”

“நடுவழியில பஞ்சரானா?”

“அதை நெனைக்கிறதில்லை. பக்கத்து சீட்டைக் கழட்டிட்டேன். பின்கதவைக் கழட்டிட்டேன்.” சற்றுத் தயங்கினார். “காலையில நானும் சாப்பிடறதில்லை.”

“அது எதுக்கு?”

“கனம்.”

“எவ்வளவு குறைஞ்சிருக்கும்?”

“நாலு இட்லி. சட்னி.”

உலகம்மை சிரிக்கவில்லை. அதுதான் தங்கப்பழத்தைக் கலவரப்படுத்தியது.

உலகம்மை வண்டியைச் சுற்றி நடந்தார். டேங்குக்குப் பக்கத்தில், வண்டியின் இரண்டு ஓரத்திலும், இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு நீல டிரம் நின்றது. நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. முடிச்சின் மேல் முடிச்சு. ஒன்றை விரல் கணுவால் தட்டினார். நிறைந்த சத்தம்.

“இது?”

“இருப்பு.”

“எதுக்கு?”

“போன வருஷம் ஒருநாள் உச்சிக்காட்டுல எல்லாருக்கும் ஊத்தி முடிச்சப்ப, கடைசியா ஒரு அம்மா குடத்தோட வந்து நின்னாங்க. டேங்க் காலி. நான் சொல்லியும் நம்பலை. குழாய் வாயில கண்ணை வெச்சு உள்ள பாத்தாங்க.” கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “அன்னைக்கே இந்த ரெண்டையும் ஏத்திக் கட்டிட்டேன்.”

“அதுக்கப்புறம் யாராவது அப்படி நின்னாங்களா?”

“இல்லை. அளந்துலா ஊத்துதேன்.”

“அப்ப இதைத் திறந்ததே இல்லை.”

“திறக்காம எப்படி? தண்ணி கெட்டுப்போவும்லா. சனிக்கிழமை சனிக்கிழமை கீழ வந்ததும் வாழைக்குத் திறந்துவிட்டுட்டு, புதுசா நிரப்பிருவேன்.”

உலகம்மை மடத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“வாழை நல்லா வந்திருக்கு” என்றார்.

அது பாராட்டா என்று தங்கப்பழத்துக்குத் தெரியவில்லை.

“டீசலுக்கு வழி சொல்லலியேம்மா.”

“நாளைக்கு நானும் கூட வாரேன்.”

தங்கப்பழத்தின் முகம் மாறியது.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் உலகம்மை. “நான் எத்தனை இட்லி கனம் இருப்பேன்?”



மறுநாள் காலையில் உலகம்மை வெறும் கையோடு வரவில்லை. இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். விளிம்புவரை தண்ணீர்.

“அம்மா, இது…”

“குடம்.”

“பின்னாடிதான் ஒரு டேங்க் இருக்கே.”

“இருக்கட்டும்.”

சீட்டு இருந்த இடத்தில் ஒரு சாக்கு நான்காய் மடித்துப் போட்டிருந்தது. உலகம்மை அதில் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கப்பழம் சாவியைத் திருப்பினார்.

மேடு தொடங்கியது. வண்டி முனகியது. அவர் முள்ளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் குடம் தளும்பியது. உலகம்மையின் புடவை முழங்கால்வரை நனைந்தது.

“கீழ வைங்கம்மா. சாஞ்சிராம நான் பாத்து ஓட்டுதேன்.”

“வேண்டாம். கை விட்டா மனசு ஒரு மாதிரி இருக்கு.”

கீழ்ப்பட்டியில் குடங்கள் வரிசையாக நின்றன. தங்கப்பழம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊற்றினார். பவளக்கொடி என்ற பெண் ஒரு குடம் கூடக் கேட்டாள்.

“மேல ஆளுக இருக்காங்க தாயி.”

“நேத்தும் மேல ஆளுகன்னுதான் சொன்னீரு. உச்சிக்காட்டுக்கு நேத்து நீரு போகவே இல்லையாமே?”

தங்கப்பழம் குழாயைச் சுருட்டினார்.

பவளக்கொடி முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா, தண்ணியைப் பிள்ளை கணக்கா மடியில வெச்சிருக்கீய?”

“அழாம வருது” என்றார் உலகம்மை.

நடுப்பாறையில் டேங்க் தீர்ந்தது. கடைசி வீட்டுக் குடம் நிறைந்ததும் குழாய் இருமி நின்றது. தங்கப்பழம் மூச்சை விட்டார். அவர் கணக்கு தப்பவில்லை. யாரும் வெறும் குடத்தோடு நிற்கவில்லை.

வண்டியைத் திருப்புவதற்கு ஊருக்கு மேலே கொஞ்சம் ஏற வேண்டும். அங்கே பாதை பிரியும். ஒன்று மேலே, உச்சிக்காட்டுக்கு. அந்தப் பிரிவில் ஒரு பாறையின் மேல் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். காற்றில் உருளாமலிருக்க அதைக் காலால் பிடித்திருந்தாள்.

தங்கப்பழம் பிரேக்கை மிதித்தார்.

“இந்த வயித்தோட எதுக்குத்தா இவ்வளவு தூரம் இறங்கி வந்தே?”

“நீங்க வரலைல்லா மாமா.”

“டீசல் இல்லத்தா.”

“ஊத்துக்குத்தான் போனேன். அத்தை விழுந்த எடத்தைப் பாத்ததும் திரும்பிட்டேன். அதான் இப்படி வந்தேன்.” அவள் கையை ஊன்றி எழுந்தாள். எழுவதற்கு நேரமானது. “ஒரு குடம் ஊத்துங்க. எடுத்துட்டுப் போயிருவேன்.”

“தூக்கிட்டு இந்த மேட்டுல ஏறுவியா நீ?”

“வேற யாரு ஏறுவா?”

தங்கப்பழம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டேங்க் காலி. பின்னால் இரண்டு டிரம் இருந்தது. அதைத் திறந்தால், திறந்த செய்தி மத்தியானத்துக்குள் மூன்று ஊருக்கும் போய்விடும். நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். நாளை மறுநாள் ஒருத்தி குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பாள்.

அப்போதுதான் அவருக்குக் குடம் ஞாபகம் வந்தது.

“அம்மா, அதைக் குடுங்க.”

உலகம்மை குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

“இது இருப்பு” என்றார்.

மாடத்தி அந்தக் கையையே பார்த்தாள்.

“குடுங்கம்மா. விளையாடற நேரமா இது?”

“குடுத்துட்டா அப்புறம் எங்கிட்ட இருக்காதே.”

“மடத்துக் கிணத்துல இல்லாததா?”

“கிணறு வத்திட்டா?”

“வத்துறப்ப பாத்துக்கலாம். இப்ப ஆளு கண்ணு முன்னாடி நிக்குதுல்லா.”

“இதைவிட மோசமா ஒரு நாள் வரலாம் அண்ணாச்சி.”

“இதைவிட மோசமா இன்னும் என்னம்மா வரணும்?” அவர் குரல் உயர்ந்துவிட்டது. உலகம்மையிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. “நிறைமாசக்காரி வெறுங்குடத்தோட நிக்கா. நீங்க தண்ணியை மடியில வெச்சுக்கிட்டு மலையேறி, அப்படியே திரும்பக் கீழ எறக்கிக் கொண்டுபோகப் போறீங்களா?”

உலகம்மை குடத்தின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

வண்டி சரிவில் லேசாக ஆடியது. பின்னால் டிரம்மில் தண்ணீர் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, மோதி, அடங்கியது.

தங்கப்பழம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.



“ஏறுத்தா” என்றார் தங்கப்பழம் மாடத்தியிடம். குரல் தணிந்திருந்தது.

உலகம்மை இறங்கினார். குடத்திலிருந்ததை மாடத்தியின் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினார். மாடத்தி முதலில் இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். பிறகு சாக்கில் உட்கார்ந்தாள்.

“நீங்கம்மா?”

“நான் இறங்கி நடக்கேன். என்னையும் ஏத்தினா உங்க வண்டி குடிக்கும்.”

வெறும் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலுக்கு அது தோதாக இருப்பதுபோல, உலகம்மை கீழ்நோக்கி நடந்தார்.

தங்கப்பழம் வண்டியை மேலே திருப்பினார்.

டேங்க் காலியாக இருந்தது. எப்போதும் இரண்டாவது கியர் கேட்கும் மேட்டில் வண்டி மூன்றாவதிலேயே ஏறியது. அதை அவர் கால்தான் முதலில் உணர்ந்தது. உச்சிக்காடு வரும்வரை அவர் முள்ளைப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

“மாமா, திரும்பிப் போக டீசல் இருக்கா?” என்றாள் மாடத்தி.

“எறக்கம்தானே. கியர்ல விட்டா அதுவா போவும்.”

“ரெண்டு டிரம்மோடயா?”

“இல்லை. வெறும் வண்டியாத்தான் போவேன்.”

உச்சிக்காட்டில் வண்டிச் சத்தம் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் நம்பவில்லை. ஒருவர் டேங்கைத் தட்டிப் பார்த்தார். காலிச் சத்தம். மாடத்தியின் மாமியார் உள்ளே படுத்த இடத்திலிருந்து, “என்னட்டி, வந்துச்சா?” என்று கேட்டார்.

தங்கப்பழம் பின்னால் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார். ஒரு வருட முடிச்சு. இரண்டு வெயில்காலம் தின்று நைலான் ஒட்டிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். ஒருத்தி அரிவாளை நீட்டினாள். அதை வாங்கி அறுத்தார்.

நாலு பேர் சேர்ந்து பலகை வைத்து, டிரம்களைச் சரித்து இறக்கினார்கள்.

“எந்த அளவுக்கு ஊத்தட்டும்?” என்றார் ஒருவர்.

“உங்க ஊரு தண்ணி. நீங்களே பாத்துக்கோங்க.”

“டிரம்மு?”

“அதுவும்தான்.”

ஆட்கள் குடங்களை எடுத்துவர ஓடினார்கள். டிரம்கள் மாடத்தி வீட்டுச் சுவரோரம், நிழலில் நின்றன. ஒன்றின் மூடி ஏற்றத்தில் ஆடி நெகிழ்ந்திருந்தது. தங்கப்பழம் இரண்டு கையாலும் பிடித்து, வழக்கம்போல, மூட்டு வெளுக்கும்வரை இறுக்கித் திருகினார்.

வண்டிவரை நடந்தார். கதவில் கையை வைத்தார்.

திரும்பி வந்து, மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போனார்.