கரண்டி வைக்காத விருந்து

கடலுக்கு அந்தப் பக்கம் வலம்புரித் தீவு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்ததாம். வெயில் ஏறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் ஊர். பவிசுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

நம் பாண்டி நாட்டு மாலுமிகள் இருபத்திரண்டு பேரைப் புயல் அங்கே கொண்டுபோய்த் தள்ளியது. ஒற்றர்கள் என்று சொல்லி அவர்களைச் சிறையில் போட்டுவிட்டார்கள். மீட்டு வரும்படி நம் அரசர் அனுப்பியது சாதுர்யத்துக்குப் பேர்போன குழைக்காதரை.

போன பிறகுதான் அந்த ஊர் வழக்கம் தெரிந்தது. அரசன் வாரகனிடம் விண்ணப்பம் வைக்க ஒரே நேரம், சாப்பாட்டு நேரம். விருந்தாளி நெஞ்சில் கைவைத்து அவர்கள் மொழியில், “அரசரோடு உண்டு என் வயிறு நிறைந்தது” என்று சொன்ன பிறகே வாயைத் திறந்து எதையும் கேட்கலாம். பொய்யாகச் சொன்னால் தலை போகும்.

நம் ஆள் முதல் வாரமே அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டார். சொல்லத்தான் வழி இல்லை. அரசன் கரண்டியைக் கீழே வைத்தால் எல்லோருடைய தட்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் யாரும் எழுந்திருக்கக் கூடாது, அரசன் உட்பட; பரிமாறுகிறவர்களும் வெளியே போகக் கூடாது. வாரகனோ ஒன்பது கரண்டியோடு சரி. போஜன அதிகாரி பிலுகன் வேண்டுமென்றே குழைக்காதரைக் கடைசியில் உட்கார வைத்திருந்தான். அவர் தட்டில் சோறு விழும்போது அரசன் வாய் துடைத்துக்கொண்டிருப்பான்.

மந்திரிகள் எல்லாம் வீட்டிலேயே மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்து, இங்கே கொறித்துக் காட்டுவார்கள். இதற்குப் பெயர் நாகரிகமாம். அரசரின் விருந்தாளி வெளியே சமைத்துச் சாப்பிடவும் கூடாது. குழைக்காதர் இளநீரிலும் வாழைப்பழத்திலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிறையில் மாலுமிகள் இளைத்துக்கொண்டே போனார்கள்.

“இன்னும் நிறையவில்லையா? உமது நாட்டில் வயிற்றைத் தாழி அளவில் செய்வார்களோ?” என்று பிலுகன் தினமும் சபையில் கேட்பான். சபையும் அளவாகச் சிரிக்கும்.

ஆறு மாதம் தங்கிய விருந்தாளி ஒருநாள் பதில் விருந்து வைக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. குழைக்காதர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அரசனையும் சபையையும் தாம் தங்கிய விடுதிக்கு அழைத்தார். தரையில் பாய் விரித்து, வரிசையாக வாழை இலை போட்டார். தாம் அரசனுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்துகொண்டார்.

கரண்டி எங்கே என்றான் வாரகன். எங்கள் நாட்டில் கைதான் என்றார் குழைக்காதர். அரசனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிசைந்து ஒன்பது கவளம் சாப்பிட்டான், நிறுத்தினான்.

பரிசாரகர்கள் விழித்தார்கள். வைக்கக் கரண்டி இல்லையே, எப்படி எடுப்பது? இலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பருப்பும் நெய்யும் போய்ப் புளிக்குழம்பு வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது. வெட்கம் விட்ட மந்திரிகள் முழங்கை வழிய உறிஞ்சினார்கள். பிலுகன் மூன்றாம் முறை பாயசம் கேட்டான். மோர்ச்சோற்றையும் வழித்துவிட்டுக் குழைக்காதர் நெஞ்சில் கைவைத்தார்.

“அரசரோடு உண்டு என் வயிறு நிறைந்தது. எங்கள் மாலுமிகளை விடுவிக்க வேண்டும்.”

பிலுகன் இலையிலிருந்து தலையைத் தூக்கினான். “செல்லாது. அரசர் இன்னும் கரண்டியை வைக்கவில்லை. விருந்தே முடியவில்லை.”

“அப்படியானால் சரி, உட்கார்ந்திருப்போம்” என்றார் குழைக்காதர் நிதானமாக. “முடிவதற்குமுன் யாரும் எழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே நீர்தான். கரண்டி அரண்மனையில் இருக்கிறது. எடுத்துவரப் போவது யார்?”

வாரகன் பிறந்ததிலிருந்து சப்பணமிட்டு உட்கார்ந்தவன் இல்லை. கால் இரண்டும் மரத்துப்போய் முகம் கோணியது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தான்.

“முடிந்தது, விருந்து முடிந்தது. மாலுமிகளை விடுங்கள். முதலில் என்னைத் தூக்குங்கள்” என்றான்.

இருவர் தூக்கி நிறுத்தியதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டான். பிறகு கேட்டான்: “ஆறு மாதம் பட்டினி கிடந்தீரே, பசிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் நினைத்தேன், அரசே. பசிக்கு உங்கள் மொழியில் என்ன வார்த்தை என்று பிலுகரிடம் கேட்டேன். தங்கள் காதில் விழும்படி இதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை என்றார்.”