கனககவியின் உலக சரித்திரம்

ஆவடுகோட்டையை ஆண்டவர் மங்கபதி ராயர். அரண்மனை மாடியில் நின்று பார்த்தால் அவர் ராஜ்யம் முழுவதும் தெரியும். பக்கத்து ராஜ்யமும் தெரியும், அவ்வளவு சின்னது. ராயருக்கு ஒரே மனக்குறை. அவர் வம்சத்தில் ஒருவர்கூட ஒரு போரிலும் ஜெயித்ததில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினார் ஆஸ்தானப் புலவர் கனககவி. உலக சரித்திரத்தையே புதிதாக எழுதிவிட்டார். அதில் யவனர்கள் கப்பல் கப்பலாக வந்து, ராயரின் முப்பாட்டனாரிடம் உதை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சீனர்கள் மதில் கட்டியதே ராயரின் பாட்டனாருக்குப் பயந்துதான். உண்மையில் அந்தப் பாட்டனார் பலா மரத்திலிருந்து விழுந்து செத்தவர். கனககவி அவரைச் சீனத்து மதிலிலிருந்து விழ வைத்தார்.

கடைசி அத்தியாயம் ராயருடையது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வடகரை ராஜ்யத்தை அவர் போன பங்குனியில் அழித்தொழித்தாராம். போன பங்குனியில் ராயர் அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். ஆனாலும் வாசிக்க வாசிக்க அந்தப் போர் அவருக்கே ஞாபகம் வர ஆரம்பித்தது. தோளில் இருந்த அம்மைத் தழும்பைத் தடவி, "வடகரையான் வேல்" என்று பெருமூச்சு விடுவார்.

"இதில் ஓர் எழுத்து பொய் என்று யார் சொன்னாலும் தலை இருக்காது" என்று ஆணையும் போட்டார்.

சபையில் ராயரைச் சிரிக்க வைக்கும் உத்தியோகம் செவந்திலிங்கத்துக்கு. சீனத்து மதில் கட்டம் வந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைக் கனககவி பார்த்துவிட்டார். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் ராயர், "ஒருமுறை ஜெயித்தவனை மறுமுறை ஜெயிப்பது கஷ்டமா? வடகரை மேல் மறுபடி படையெடுப்போம்" என்றார்.

"உத்தமமான யோசனை" என்றார் கனககவி. "முன்னணியில் செவந்திலிங்கம் போகட்டும். எதிரிகள் சிரித்தே சாவார்கள்."

வடகரையில் யானைப்படை நிஜமாகவே இருந்தது. இங்கே இருந்ததோ ஒரே ஒரு கோயில் யானை, அதற்கும் கண்ணில் புரை. போதாததற்குச் செவந்திலிங்கத்தின் மாப்பிள்ளையும் படையில் இருந்தான். மகள் முழுகாமல் இருந்தாள். போர் வேண்டாம் என்றால் சரித்திரம் பொய் என்று ஆகும், தலை போகும். போனால் எல்லோர் தலையும் போகும்.

செவந்திலிங்கம் கைகூப்பினார்.

"போகிறேன் மகாராஜா. போகுமுன் புலவரிடம் சில சந்தேகம் கேட்கலாமா?"

"கேள்."

"புலவரே, வடகரைக் கோட்டை என்ன ஆயிற்று?"

"இடிந்து தரைமட்டமாயிற்று" என்றார் கனககவி, நெஞ்சை நிமிர்த்தி.

"அரசன்?"

"மகாராஜா கையால் மாண்டான்."

"படை?"

"ஒருவனும் மிஞ்சவில்லை. ஒப்பாரி வைக்கக்கூட ஆளில்லை."

செவந்திலிங்கம் ராயர் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நான் யாரோடு சண்டை போடுவது மகாராஜா?"

ராயருக்கு எரிச்சல் வந்தது. "என்னய்யா உளறுகிறாய்? கோட்டை அங்கேதானே நிற்கிறது? தினமும் மாடியிலிருந்து பார்க்கிறேனே."

செவந்திலிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மெதுவாகப் பேசுங்கள் மகாராஜா. நூல் பொய் என்றால் தலை போகும் என்பது தங்கள் ஆணை. தங்கள் தலைக்கு நாங்கள் எங்கே போவோம்?"

ராயர் கழுத்தைத் தடவிக்கொண்டே புலவரைப் பார்த்தார். "கனககவி, கோட்டை இருக்கிறதா, இல்லையா?"

"இல்லை மகாராஜா" என்றார் கனககவி.

அந்த நேரம் பார்த்து வடகரைக் கோட்டையில் உச்சிவேளை முரசு அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?"

"இடி."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ராயர் புலவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆணையையும் ரத்து செய்தார், படையெடுப்பையும் ரத்து செய்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துச் செவந்திலிங்கத்துக்குப் போர்த்தினார்.

"இந்தப் புத்தகத்தைக் கொளுத்திவிடலாமா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா. வடகரை அரசனுக்கும் ஒரு ஆஸ்தானப் புலவர் இருக்கிறார். அவர் எழுதிய சரித்திரத்தில் நாம் எல்லோரும் செத்து மூன்று வருஷமாகிறது. அதனால்தான் இதுவரை அவன் நம்மேல் படையெடுக்கவில்லை."