பீரோவுக்குள் இருந்த போன்

சந்தனமாரியின் கை பீடி இலையில் தூள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது. வாய் வஹிதாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

“நான் தொடவே இல்ல டீச்சர். தொடாத போன் எப்படிச் சாகும்?”

வஹிதா நிமிரவில்லை.

மாடிப்படிக்குக் கீழே, பொந்து மாதிரி ஒரு போன் ரிப்பேர் கடை. அதில் சந்தனமாரிக்கு எதிரே உட்கார்ந்து யாருடைய போனையோ கழற்றிக்கொண்டிருந்தாள். சந்தனமாரியைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள் டீச்சர்தான். போனில் எழுத்துக்கூட்டிப் பேர் தேட அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒரே ஒரு கெட்ட குணம். கேட்டதற்கு நேராகப் பதில் வராது.

“காலையில சார்ஜ் நூறு காட்டுது. நாலு மணிக்கு எடுத்தா செத்துக் கிடக்கு. அதுவும் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கு.”

“நாலு மணிக்கு என்னக்கா?”

“அவுக கூப்பிடுத நேரம்.”

அவுக என்றால் சொரிமுத்து. சவுதியில் கட்டட வேலை. அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும்போது இங்கே நாலு மணி.

நாலு நாளாகப் போன் அணைந்து கிடந்தது. ஐந்தாம் நாள் அவன் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில், அந்த வீட்டு ஆள்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டான்.

“ராத்திரி பூரா யார்கூடப் பேசி சார்ஜைத் தீக்க?”

சந்தனமாரிக்கு நாக்கு எழும்பவில்லை. அவனிடம் எப்போதுமே எழும்பாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“நாளைக்கும் போன் அணைஞ்சு கிடந்துச்சுன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு.”

அந்த நாளைதான் இன்று.

அவனிடம் வராத கோபம் எல்லாம் இப்போது வஹிதாவிடம் வந்தது.

“ஒரு வாரமா வாய் பேசாம பீடி சுத்துதேன். ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. எனக்கு இந்தப் பேரு! பேட்டரிதான் கெட்டுப்போச்சு. மாத்திக் குடுங்க.”

“பேட்டரி நல்லா இருக்கு. எட்டு மணிக்குக் கொண்டுவந்தீங்க. அப்ப தொண்ணூத்தொண்ணு. இப்ப மணி பத்தரை. எண்பத்தொம்பது.”

“இங்க இருந்தா ஒழுங்கா இருக்கு! வீட்டுக்குப் போனா சாவுது!”

“வீட்டுல எங்க வைப்பீங்க?”

“பீரோவுல.”

வஹிதாவின் கையில் இருந்த திருப்புளி நின்றது.

“யாரு வைக்கா?”

“அத்தை. காலையில வாங்கிப் பூட்டிருவாக. சாவி அவுக இடுப்புல. பிள்ளை கீழ போட்டு உடைச்சிரும், நான் கூப்பிடுத நேரத்துல எடுத்தாப் போதும்னு பிள்ளையோட அப்பாதான் சொல்லியிருக்காக. நான் தொட வழியே இல்ல பாத்துக்கிடுங்க.”

வஹிதா எழுந்தாள். வாசலில் பழைய போன் உறைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயது மகிழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். சந்தனமாரியின் போனை எடுத்து அவளுடைய பீடித் தட்டில் வைத்தாள். படி இறங்கி வெளியே போய், ஷட்டரை இழுத்து இறக்கினாள்.

கடகடவென்று இரும்பு விழுந்தது. இருட்டு.

“டீச்சர்! என்ன இது?”

ஷட்டரில் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

வெளியே பிள்ளை ஒருமுறை வீறிட்டது.

“மகி! அம்மா இங்கதாம்மா இருக்கேன்!”

பிள்ளையின் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அழுகை கேட்டபோதாவது தேவலை. கேட்காதபோதுதான் பதறிப்போனாள்.

“மகி! ஏ மகி! டீச்சர், பிள்ளை எங்க?”

இருந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. கூப்பிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பத்து நிமிடமோ, அரை மணியோ, அவளுக்குத் தெரியவில்லை.

நேரம் பார்க்கப் போனை அமுக்கினாள். மேலே டவர் கோடு ஒன்றுகூட இல்லை. உள்ளங்கையில் போன் சுடத் தொடங்கியிருந்தது.

ஷட்டர் ஏறியது.

வஹிதாவின் இடுப்பில் மகிழினி பன் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைத் தேடிய மாதிரியே தெரியவில்லை.

“நீங்கள்லாம் ஒரு மனுஷியா டீச்சர்!” சந்தனமாரி பிள்ளையைப் பிடுங்கினாள். “பெத்தவள அடைச்சு வச்சிட்டுப் பிள்ளைக்குப் பன்னு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கீகளே!”

“எத்தனை பீடி சுத்துனீங்க?”

“பீடியா? இந்த லட்சணத்துல பீடி வேறயா! ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப கை சும்மாதான் இருந்துச்சு.”

“சும்மாதான் இருந்துச்சு!”

“சும்மா உக்காந்திருந்தவளுக்கு எதுக்கு இப்படி வேர்த்து ஊத்துது? தொண்டை எதுக்குக் கட்டியிருக்கு?”

சந்தனமாரி வாயைத் திறந்தாள். நல்ல வசவு ஒன்று நுனி நாக்கில் இருந்தது.

தட்டில் கிடந்த போனைப் பார்த்தாள். வெளிச்சம் பட்ட கடையில் டவர் கோடு ஒன்று எழுந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் நாலு.

“எங்க பீரோவும் இரும்புதான் டீச்சர். உள்ள கெடந்து டவரத் தேடித் தேடியே போன் சாவுது.”

வஹிதா திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே மாமியார் ராமலட்சுமி கையை நீட்டினாள்.

“சரியாயிருச்சா? குடு, பூட்டணும்.”

“பூட்டாண்டாம் அத்தை.”

“என்னட்டி சொல்லுத?”

“சன்னல்ல இருக்கட்டும். பிள்ளைக்கு எட்டாது.”

“மவன் சொன்னதுக்கு என்ன மரியாதை? அவன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்.”

ராமலட்சுமி நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். வந்த மூன்று வருடத்தில் மருமகள் ‘நான் சொல்லிக்கிடுதேன்’ என்றதே இல்லை.

நாலு மணி. சன்னலில் போன் அடித்தது. சார்ஜ் எண்பத்து நாலு.

“பரவால்லையே, இன்னைக்கு உயிரோட இருக்கே,” என்றான் சொரிமுத்து. “ராத்திரி பேச்சு இல்லையோ?”

சந்தனமாரிக்குக் காது சிவந்தது. மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனமாரி தலை குனியவில்லை.

“யார்கூடப் பேசுதன்னு கேட்டீகள்ல? பக்கத்து வீட்டு ஆளுக கேக்கக் கேட்டீகள்ல? இப்பச் சொல்லுதேன், கேளுங்க. ராத்திரி இல்ல, பகல்ல. பூட்டின பீரோவுக்குள்ள இருந்து. உங்ககூடத்தான்.”

“என்னட்டி உளறுத?”

“உளறல. ஒண்ணுமே செய்யாம ஒரு மூலையில கெடக்கான்னுதான நினைச்சீக? காலையில இருந்து உங்களத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சத்தம் வெளிய வராம, மேலெல்லாம் கொதிச்சு, நீங்க கூப்பிடுத நேரத்துல பதில் சொல்ல உயிரில்லாம...”

“ஏட்டி சந்தனமாரி!” தெருவில் பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். “பீடிக் கடையில பீடி ஒப்படைக்க உன் பேரைக் கூப்பிட்டாச்சு! தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடியா, அடைக்கப் போறாக!”

“வாரேங்கா! ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. நான் இவுககிட்ட இன்னும் பேசி முடிக்கல!”