கடைசி இறுக்கு

"டீச்சர், கம்பி போட்டதுல இருந்து வண்டி முனகுது."

கோகிலவாணி ஷெட்டின் நடுவில் இருந்த பள்ளத்துக்குள் நின்றபடி வேறொரு வேனின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எந்தக் கம்பி?"

"ஸ்வே பார். பின் சக்கரத்துக்குக் குறுக்கே போடுறது. வளைவுல வண்டி சாயாம இருக்கறதுக்கு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப முனகத்தான் செய்யும்."

பெரியண்ணன் சிரிக்கவில்லை. அதனால்தான் அவள் பள்ளத்தை விட்டு மேலே வந்தாள்.

அவள் முன்பு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வண்டிப் பாடம் எடுத்தவள். இப்போது கொல்லிமலை அடிவாரத்தில் சொந்தமாக ஷெட் நடத்துகிறாள். பெரியண்ணன் தலை நரைத்த பிறகு அவளிடம் படிக்கப் போனவர். வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர், டீச்சரையும் சேர்த்துத்தான். பாதிப் பாடத்தைத் தூங்கியே தீர்த்தார். ஆனால் மரியாதையில் மட்டும் இன்றுவரை குறை வைத்ததில்லை.

வெளியே அவருடைய சின்னக் கார் வெயிலில் நின்றது. இருப்பதிலேயே விலை குறைந்த ரகம். மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

"இந்த வண்டிக்கு எதுக்குண்ணா அந்தக் கம்பி? இத்தனை வருசமா இல்லாமதானே ஓட்டுனீங்க?"

"நாளைக்கு மகளையும் பச்சப்புள்ளையையும் ஆஸ்பத்திரியில இருந்து மேலே கூட்டிட்டுப் போகணும்."

"நல்ல சேதிதானே."

"ஒரு வளைவுல வண்டி தப்பாச் சாயுது டீச்சர்."

"தப்பான்னா?"

"வலது பக்கம் ஒடிச்சா வண்டி இடது பக்கம்தானே சாயணும்? அந்த வளைவுல மட்டும் உள்பக்கமாச் சாயுது. பின்னாடி யாரோ எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே காரைப் பார்த்தாள். பின்பக்கம் இடது ஜன்னலின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"அதை ஏத்தலையா?"

"ஏத்தித்தான் விடுறேன்" என்றார்.

வேனை எடுத்துவிட்டுக் காரைப் பள்ளத்தின்மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் உள்ளே இறங்கினாள். டார்ச் வெளிச்சம் காருக்கு அடியில் அங்கும் இங்கும் அலைந்தது.

"தூக்கி வெச்சு இறுக்கியிருக்கீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவர் தலை குனிந்துகொண்டார்.

"முதல் வகுப்புல என்ன சொன்னேன்?"

"வண்டியைத் தூக்கிக் கம்பியை மாட்டலாம். போல்ட்டைக் கையால திருகலாம். கடைசி இறுக்கு மட்டும் வண்டி தரையில நின்ன பிறகு."

"நின்ன பிறகு மட்டுமா?"

"போறவங்க எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு."

"தூங்காமத்தான் கேட்டிருக்கீங்க. அந்தரத்துல இறுக்கினா கம்பியைப் பிடிச்சிருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். வண்டி இறங்கி நின்னாலும் அது மேலேயே இருக்கணும்னு பார்க்கும். அதான் முனகல். தெரிஞ்சும் ஏன் செஞ்சீங்க?"

ஷெட்டின் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, காரை ஒரு முறை பார்த்துவிட்டு, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"தரையில இறக்கித்தான் முதல்ல பார்த்தேன். இறக்கினா இடது பின்பக்கம் தாழுது டீச்சர். உள்ளே யாருமில்ல. ஸ்பிரிங் புதுசு. மறுபடி தூக்கினேன், மறுபடி இறக்கினேன். தாழுது. அதான் மேலே வெச்சே இறுக்கிட்டேன்."

"இடது பின்பக்கம் யாரு உட்காருவா?"

"இப்பவா?"

"எப்பவும்."

"வெள்ளையம்மா."

அவர் மனைவி. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கோகிலவாணி சாவுக்கு மலைக்குப் போய் வந்திருந்தாள்.

"அவளுக்கு மலை இறங்கினா குமட்டும். ஜன்னலோரம்தான் உட்காருவா, கண்ணாடியைப் பாதி இறக்கிக்குவா. வண்டி ஒரு பக்கம் சாஞ்சா அவ எதிர்ப்பக்கம் சாய்வா. அவ சாஞ்சு பிடிக்கிறதாலதான் வண்டி உருளாம இருக்குன்னு நினைப்பு. நான் சிரிப்பேன்."

கீழே ஸ்பேனரைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது.

"கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்பவும் அதே சீட்டுதான். வழியெல்லாம் முனகிட்டே வந்தா. அந்த வளைவுல முனகல் நின்னுச்சு. தூங்கிட்டான்னு நினைச்சேன். கீழே வர்ற வரைக்கும் நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன்."

குரல் உடைந்தது. அவர் மறைக்கவில்லை.

"இப்ப கம்பி போட்ட பிறகு, அதே வளைவுல முனகல் திரும்ப ஆரம்பிக்குது. நாளைக்குப் பச்சப்புள்ள வருது டீச்சர். அவ போகணும். வண்டியை விட்டு அவ போகணும்."

"நான் போல்ட்டை இறுக்கறவ" என்றாள் கோகிலவாணி. "யாரையும் இறக்கிவிடத் தெரியாது."

ஸ்பேனர் போட்டுப் போல்ட்டைத் தளர்த்தும் ஓசை கேட்டது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பெரியண்ணன் இரண்டு பின் சக்கரங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் பெருமூச்சு விட்டது. இடது பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்து நின்றது.

டார்ச் வெளிச்சம் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றது. அவள் மேலே வந்து, குனிந்து, காலியான பின் சீட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவளுக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"நாளைக்கு மக எங்கே உட்காரும்?"

"பின்னாடி. வலது பக்கம்."

"ஏன், இடது பக்கம் ஆகாதா?"

அவர் வலது பக்கக் கதவருகே போய் நின்றார்.

"சரி, மக இடத்துல நீங்க உட்காருங்க. எடை வேணும்."

அவர் தயங்கினார். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் ஏறி, கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இடது பக்கம் பார்க்கவில்லை. இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் பின் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது.

கோகிலவாணி மூலையில் கிடந்த பழைய பைக் பேட்டரியை எடுத்துத் துடைத்தாள். பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"பிறந்த புள்ள எடை இருக்கும். ஆடாமப் பிடிச்சுக்கங்க."

பேட்டரி தொடையில் கனமாக அழுத்தியது. அவர் அறியாமலே ஒரு கை அதன் அடியில் போயிற்று, தலையைத் தாங்குகிற மாதிரி.

அவள் பள்ளத்தில் இறங்கினாள். ஷெட்டுக்குள் காற்றே இல்லை. ஆனால் பாதி இறங்கிய கண்ணாடி வழியாக ஈர மண் வாசனை வந்தது, மலைமேல் மழை பெய்யும்போது வருகிற வாசனை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வலது பக்கம் சரி" என்றது கீழேயிருந்து குரல். "அண்ணா, அசையாதீங்க."

"அசையலை டீச்சர்."

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்குதே. புள்ளையை அந்தப் பக்கம் வெச்சுட்டீங்களா?"

"இல்லையே. மடியிலதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பேட்டரி மடியில்தான் இருந்தது. துண்டு கலையவில்லை. அவர் அடியிலிருந்த கையை மெதுவாக உருவினார். பிறகு மேலே பிடித்திருந்த கையையும் எடுத்தார்.

தொடையில் கனமே இல்லை.

இன்னொருவர் கை கொடுத்துத் தாங்கினால்தான் அப்படி இருக்கும்.

கதவுப் பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கணம் விரல்கள் அதைத் தேடிப் போயின. அப்புறம் நின்றுவிட்டன. கதவோடு ஒட்டியிருந்தவர் சீட்டின் நடுப்பக்கமாக லேசாக நகர்ந்தார்.

கீழே ஸ்பேனர் போல்ட்டில் பொருந்தியது.

"அண்ணா" என்றாள் கோகிலவாணி. அவள் குரலும் தணிந்திருந்தது. "கடைசி இறுக்கு. இறுக்கட்டுமா, இல்ல காத்திருக்கணுமா?"

பெரியண்ணன் முதல் முறையாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இறுக்குங்க டீச்சர்" என்றார். "எல்லாரும் உட்கார்ந்தாச்சு."