நாலு சரியும் ஒரு உப்புக் கேரமல் ஐஸ்கிரீமும்

வெள்ளோடைபுரத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். மூத்தவன் அய்யாத்துரை, அடுத்தவன் சுடலைமணி, அதற்கடுத்தவன் லிங்கதுரை, கடைக்குட்டி பொன்னுச்சாமி. நாலு பேருக்கும் உப்பளத்தில் வேலை. உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. மற்றதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அவர்களுடைய அப்பா கண்ணை மூடும் முன் நாலு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "ஒத்துமையா இருங்கலே. நாலு பேரும் சரின்னு சொல்லாம ஒரு காரியமும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் மூத்தவனில் தொடங்கி வரிசையாக நாலு சரி விழ வேண்டும். கன்னத்தில் கொசு உட்கார்ந்தாலும் அப்படித்தான். நாலாவது சரி வருவதற்குள் கொசு சாப்பிட்டு முடித்துக் கிளம்பியிருக்கும்.

அய்யாத்துரைக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வடிவு, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த கொத்தனார் இசக்கியப்பனின் மகள். படித்தவள், கெட்டிக்காரி. அவளை ஏன் இந்த வீட்டில் கொடுத்தீர் என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, கோவம் கிடையாது, பொய்யும் சொல்ல வராது" என்பார் கொத்தனார். அதுவும் உண்மைதான். சீரோடு ஒரு ஃப்ரிட்ஜும் கொடுத்தார். அதைக் கொண்டுவந்து இறக்கிய கடை ஆள், "இந்தப் பிளக்கை மட்டும் எப்பவும் சுவத்துலேருந்து எடுத்துராதீங்க" என்று சொன்னான். நாலு பேரும் வரிசையாகச் சரி சொன்னார்கள்.

வடிவுக்கு நாலாவது மாசம். மாங்காய், சாம்பல் என்று மசக்கை போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. கல்லூரியில் படிக்கும்போது மதுரையில் ஒரு கடையில் சாப்பிட்ட உப்புக் கேரமல் ஐஸ்கிரீம் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷனிடம் கேட்டாள். அவன் அன்று சாயங்காலமே ஒரு கப் ஐஸ் வாங்கி, அதன் தலையில் ஒரு கை அளத்து உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இதுல கேரமல் எங்கங்க?"

"கேரமல் யாருன்னு தெரியலை வடிவு. உப்பும் வந்தாச்சு, ஐஸ்கிரீமும் வந்தாச்சு. முக்காவாசி முடிஞ்சுது."

வடிவு ஒரு வாய் வைத்தாள். பிறகு பெட்டியை எடுத்தாள். செய்முறையை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"உங்க கையால செஞ்சு, ஒரு சொட்டு உருகாம எங்கப்பா வீட்டுக்குக் கொண்டாந்து குடுங்க. அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அய்யாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி மேல் அவனுக்கு உயிர். தம்பிகளுக்கும் சோறு இறங்கவில்லை. அது அவர்களே சமைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினார்கள். பொன்னுச்சாமி எட்டாம் வகுப்பு வரை போனவன் என்பதால் தாளை அவன் வாசித்தான்.

"கனமான சட்டியில் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் வைக்கவும்."

வீட்டில் இருந்த சட்டி லேசானது. யோசித்து, அம்மிக் குழவியைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள். சுடலைமணி தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்ல கனம்" என்றான். நாலு சரி விழுந்தது. சர்க்கரையைக் குழவியைச் சுற்றிக் கொட்டினார்கள். வடிவு 'உங்க கையால' என்று சொல்லியிருந்ததால் கரண்டியை அய்யாத்துரை மட்டுமே தொட்டான். அவன் கை வலித்தபோது தம்பிகள் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டார்கள்.

"தேன் நிறம் வரும் வரை காய்ச்சவும். அடுப்பை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது."

"தேன் என்ன நிறம்லே?" என்றான் அய்யாத்துரை.

"மஞ்சளாத்தான் இருக்கும்" என்றான் லிங்கதுரை.

"நீ பாத்தியா?"

"பாக்கலை. நினைச்சேன்."

"நினைச்சு வைக்கிற காரியமா இது? அவ வீட்டுக்கு வாரதே இந்த நிறத்துலதான் இருக்கு. நாட்டு மருந்துக் கடையில தேன் இருக்கும், போய்ப் பாத்துட்டு வருவோம்."

"அடுப்பை விட்டு நகரக் கூடாதுன்னு மைனி எழுதியிருக்காங்களே" என்றான் பொன்னுச்சாமி.

சங்கடமான நிலைமை. கடைசியில் சுடலைமணிக்குத்தான் வழி தோன்றியது.

"நாம அடுப்பை விட்டுப் போகக் கூடாது. அடுப்பு நம்மகூட வரலாம்லா?"

வெள்ளோடைபுரம் அந்த ஊர்வலத்தை இன்றும் பேசுகிறது. முன்னால் சைக்கிள் கேரியரில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு லிங்கதுரை. பின்னால் ஒரு பலகையில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு தம்பிகள். நடுவில் கிளறிக்கொண்டே அய்யாத்துரை. கடல் காற்று ஐந்து தரம் அடுப்பை அணைத்தது. வழியில் நின்று நின்று பற்ற வைத்தார்கள். சாமி வருகிறது என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மருந்துக் கடைக்காரரிடம் இருந்தது மூன்று வருஷப் பழசு. பனங்கருப்பட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. பாட்டிலைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஆகலை, இன்னும் ஆகலை" என்று காய்ச்சினார்கள். புகை வந்து கடைக்காரர் இருமத் தொடங்கிய பிறகுதான் இரண்டும் ஒரே நிறம் ஆயின. நாலு சரி விழ இன்னும் கொஞ்சம் கறுத்தது.

வீட்டுக்கு வந்து வெண்ணெயும் கிரீமும் சேர்த்து, குழவியை வழித்துக் கழுவி வைத்தார்கள். கடைசி வரி: "ஒரு சிட்டிகை நல்ல உப்பு." இங்கே மட்டும் விவாதமே எழவில்லை. சுடலைமணி அளத்துக்குப் போய், பாத்தியின் மேல் ஆடை போல மிதக்கும் முதல் உப்பை விரல் நுனியால் எடுத்து வந்தான். அண்ணன் அதை வாங்கித் தூவினான். உப்பு விஷயத்தில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவை ஃப்ரீசரில் வைத்தார்கள். மறுநாள் காலையில் ஐஸ்கிரீம் கல் மாதிரி இறுகியிருந்தது. இனி எட்டு கிலோமீட்டர்.

"வெளிய எடுத்தா உருகும்" என்றான் அய்யாத்துரை.

"உள்ள இருந்தா உருகாது" என்றான் சுடலைமணி.

"அப்ப ஃப்ரிட்ஜோட போவோம்" என்றான் லிங்கதுரை.

"ஃப்ரிட்ஜோட போனா பிளக்கைச் சுவத்துலேருந்து எடுக்கணுமே" என்றான் பொன்னுச்சாமி. "கடைக்காரன் எடுக்காதன்னானே. நாமளும் சரி சொல்லிருக்கோமே."

மறுபடி சங்கடம். பிறகு அய்யாத்துரை போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தான். நல்ல வேளையாக அப்போது ஊரில் கரண்ட் இல்லை, அவர்கள் அப்பா செய்த புண்ணியம். பிளக் பாயிண்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் சுவரைச் சதுரமாக வெட்டி, செங்கலோடு பெயர்த்து எடுத்தார்கள். பிளக் அசையவில்லை. லோடு ஆட்டோவில் ஃப்ரிட்ஜை ஏற்றி, பக்கத்தில் பொன்னுச்சாமி அந்தச் சுவர்த்துண்டைப் பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வடிவு சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்க மடியில என்னது?"

"சுவர், மைனி."

"தெரியுது. எதுக்கு?"

"பிளக் அதுலதானே இருக்கு."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வருஷம் வாழ்ந்தவள். ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்தாள். உள்ளே பாயசம் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுபடி தொட்டாள். அப்புறம் டப்பாவையே வாயில் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டாள். கருகின கசப்பு, அதற்குப் பின்னால் இனிப்பு, கடைசியில் அந்த உப்பு. மதுரைக் கடையில்கூட இப்படி இல்லை. அவள் கண் கலங்கியது.

"இருங்க, துணியை எடுத்துட்டு வாரேன். வீட்டுக்குப் போவோம்."

அய்யாத்துரையின் முகம் வாடிவிட்டது. "நீ எப்படி வர முடியும் வடிவு? ஒரு சொட்டு உருகாமன்னுதானே சொன்ன. இதுல உருகாத சொட்டே இல்லையே."

"சொன்னது நான்தானே? நானே வாரேங்கேன்."

"சொன்ன சொல்லு சொல்லுதான். உன்னை இப்ப கூட்டிட்டுப் போனா அது ஏமாத்து."

தம்பிகள் யோசித்துத் தலையசைத்தார்கள். நாலு சரி விழுந்தது. முதல் சரி அழுகையோடு வந்தது. ஒருத்தன் தன் பெண்டாட்டியை இவ்வளவு நேர்மையாக இழந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கொத்தனார் இசக்கியப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார். சுவர்த்துண்டிலிருந்து பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினார். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதைத் தன் வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருந்த தடுப்புச் சுவரில் செருகினார். ஃப்ரிட்ஜ் உறுமியது. சாயங்காலத்துக்குள் மிச்சம் இருந்த பாதி டப்பா இறுகிவிட்டது. அய்யாத்துரை நாலு எட்டில் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பிகள் தரையில் குனிந்து சொட்டு விழுகிறதா என்று பார்த்தார்கள். விழவில்லை. அவள் சாப்பிட்டாள். வீட்டுக்கு வரலாம் என்று முடிவாயிற்று.

வடிவு எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அய்யாத்துரை மாமனாரிடம் வந்து நின்றான்.

"மாமா, பிளக் உங்க சுவத்துல இருக்கு."

"அதுக்கு?"

"எடுக்கக் கூடாதுல்லா. எப்படிக் கொண்டு போக?"

கொத்தனாருக்குக் காலையிலிருந்து பொறுத்த பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. "அப்ப சுவத்தையும் தூக்கிட்டுப் போங்கலே" என்று கத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கோபத்தில் எது வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த நாலு பேரிடம் மட்டும் சொல்லக் கூடாது.

"எவ்வளவு எடுக்க?" என்றான் சுடலைமணி.

"போன தடவை கொஞ்சமா எடுத்தோம், அதான் அதுல கரண்ட் வரலை" என்றான் லிங்கதுரை. "இந்தத் தடவை முழுசா எடுத்துருவோம்."

சரி, சரி, சரி, சரி. அப்பாவின் புண்ணியம் இன்னும் மிச்சம் இருந்தது, கரண்ட் போய்விட்டது.

வடிவு திரும்பி வந்தபோது கூடத்திலிருந்து அடுக்களை நன்றாகத் தெரிந்தது. லோடு ஆட்டோவில் ஃப்ரிட்ஜைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தது. தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள், அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவைத் தானே சமாதானப்படுத்தினாள். அவரும், சரி, கூடம் விசாலமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அந்தச் செங்கலை வெள்ளோடைபுரத்து அடுக்களையில் அதே உயரத்துக்குச் சுவராக எழுப்பினார்கள். பக்கத்தில் பழைய ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது, அதை அடைக்க நாலாவது சரி விழவில்லை. அப்பா வீட்டுச் சுவர் வந்து சேர்ந்ததில் ஒரு லாபமும் உண்டு. வடிவுக்குக் கோபம் வந்து, "எங்கப்பா வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னால், இப்போது அவள் பஸ் ஏற வேண்டியதில்லை. பெட்டியோடு அடுக்களைக்குப் போய் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அரை மணி நேரம் கழித்து நாலு பேரும் லோடு ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே போய் முறையாக அழைக்கிறார்கள். அவள் வண்டியில் ஏறுகிறாள். வண்டி தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்கு வந்து நிற்கிறது. அவள் இறங்கும்போது பொன்னுச்சாமி மறக்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்கிறான்:

"வாங்க மைனி. ஊர்ல மாமா சௌக்கியமா?"