காத்தாயியின் மூன்று கூடைகள்

வெகு காலத்துக்கு முன்னே மாறங்காடு என்ற நாட்டை வீரசேந்தன் என்றொரு ராசா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு.

அரண்மனைக் குப்பையைக் கவனித்தவள் காத்தாயி. இலை, காய்த்தோல், மிச்சச் சோறு ஒரு கூடை. அது தொழுவத்துக்கும் எருக்குழிக்கும் போகும். கண்ணாடிச் சில்லு, ஓடு, ஆணி இன்னொன்று. வைத்தியர் வீசும் பாஷாணக் கசடுக்கு மூடிபோட்ட கூடை.

ஒருநாள் ராசா சபையிலேயே அவளை மெச்சிவிட்டான். அரண்மனை மேலாளர் திருமேனிப் பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

“மகாராசா, குப்பையில் என்ன உசத்தி, தாழ்த்தி? எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அள்ளினால் அரை நாளில் வேலை முடியுமே!”

“அடடே, ஆமாம்! அப்படியே செய்!”

காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யா, சேர்க்காதீங்க. ஒண்ணு மக்கும், ஒண்ணு கிழிக்கும், ஒண்ணு கொல்லும்.” மூன்று மாதம் நடையாய் நடந்தாள். “உனக்கு உடம்பு வணங்கவில்லை” என்று துரத்தினார் பிள்ளை.

கடைசியில் தொழுவத்தில் கொட்டிய தோலோடு சில்லும் விழுந்தது. ராசாவின் செல்லப் பசுவுக்கு வாயெல்லாம் ரத்தம்.

“எல்லாம் இவள் அசட்டை!” என்றார் பிள்ளை.

“இன்றே நாடு கடத்துங்கள்!” என்று குதித்தான் ராசா.

“போறேன் மகாராசா, எனக்கும் அலுத்துப்போச்சு. போகுமுன்னே பிள்ளையய்யாவுக்கு என் கையால ஒருவேளை சோறு போடணும்.”

ராசா தலையசைத்தான். சபை நடுவே இலை விரித்தார்கள். காத்தாயி ஒரே பானையில் பாயசத்தை ஊற்றினாள். அதன்மேல் மீன் குழம்பு, மோர், ஊறுகாய், வெற்றிலைச் சுண்ணாம்பு. கலக்கி இலையில் கொட்டினாள்.

பிள்ளை துள்ளி எழுந்தார். “சீ! இதை மனுஷன் தின்பானா?”

“எல்லாம் வாய்க்குள்ள போறதுதானே அய்யா? இதில் என்ன உசத்தி, தாழ்த்தி?”

“அறிவிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு! சேர்த்தால் எல்லாமே பாழ்! சுண்ணாம்பு குடலை அரித்துவிடும்!”

“அப்பாடா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள் காத்தாயி. “இதைத்தானய்யா மூணு மாசமா தொண்டை வத்தக் கத்தினேன்!”

சபை கொல்லென்று சிரித்தது. ராசாவுக்கு முகம் சுருங்கியது. தண்டனையை ரத்து செய்து, குப்பை விஷயத்தில் இனி அவள் சொல்லே சட்டம் என்றான். கலந்து கிடந்த குப்பை மேட்டைப் பிள்ளையே பிரிக்க வேண்டும் என்று உத்தரவு.

“அது சரி காத்தாயி, இந்தப் பிள்ளையை எந்தக் கூடையில் போடலாம்?”

அவள் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“மக்குற கூடைதான் மகாராசா. உரமாவார். என்ன, ரொம்ப நாளாகும்!”